நொட்டை அக்கா திருப்பிப் பார்த்த கேலக்ஸி

நொட்டை அக்கா கண்ணுக்குத் தப்பிய பிழை இந்தப் பிரபஞ்சத்திலேயே கிடையாது. நான் நேரில் பார்த்தவை மட்டும்:

1. என் சித்தி கல்யாணத்தில், தாலி கட்டப்போன மாப்பிள்ளையை நிறுத்தி, வேட்டியில் அறுந்திருந்த இழையை முடிந்துவிட்டார்.
2. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலுக்குள் கைவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரின் துண்டிலிருந்த நூல் முடிச்சைக் கிள்ளி எடுத்தார். ரயில் நகர ஆரம்பித்திருந்தது.
3. என் கேலக்ஸியைத் தலைகீழாக்கினார்.

எதிர்வீட்டு விசைத்தறிக்கூடத்தில் சேலைகளை டியூப்லைட் முன் விரித்துப் பிழை பார்ப்பது அக்காவின் வேலை. நொட்டை என்ற பெயர் அதனால் வந்தது. நான் வானியல் ஆராய்ச்சி மாணவி. பக்கத்துச் சுருள் கேலக்ஸி ஒன்றில் எக்ஸ்ரே வீசும் புள்ளிகளை வீட்டிலிருந்தே பட்டியலிட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயில் சுருள் தெரியாது. இருட்டில் நீலப் புள்ளிகள்தான் மிதக்கும். பெரும்பாலும் செத்த நட்சத்திரங்கள், பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து இழுத்து ஒளிர்பவை. மதியத் தறிச் சத்தத்தில் நான் அந்தக் கேலக்ஸிக்கே போய்விடுவேன். பதினேழாம் புள்ளி இதுவரை யாரும் சொல்லாதது, நானே கண்டுபிடித்தது. மாலைக்குள் பட்டியல் என் ஆராய்ச்சி வழிகாட்டிக்குப் போக வேண்டும்.

உறைமோர் கேட்டு வந்த அக்கா திரையைப் பார்த்தார்.

“ஏட்டி, இது என்ன டிசைன்?”

“கேலக்ஸிக்கா. பக்கத்துலதான் இருக்கு.”

“பக்கத்துலன்னா?”

“வெளிச்சம் வந்துசேர ஒரு கோடி வருசம் ஆகும்.”

“புளியங்குடி பஸ்ஸும் அப்படித்தான் வருது.” விரல் நேராகப் பதினேழில் நின்றது. “இது துணியில உள்ளதா, லைட்டுல உள்ளதா?”

அவர் வழக்கம் அது. துணியைத் திருப்புவார். புள்ளியும் கூடவே திரும்பினால் துணியின் பிழை. நின்ற இடத்திலேயே நின்றால் டியூப்லைட்டில் ஒட்டிய அழுக்கு. சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்தார்.

“அப்படிப் பார்க்க முடியாதுக்கா. எல்லாமே சேர்ந்து திரும்பும்.”

“அப்போ எதைத் திருப்பணுமோ அதைத் திருப்பு.”

தொலைநோக்கியின் கேமராவைத் திருப்பி வைத்து அதே கேலக்ஸியை எடுத்த பழைய படம் ஒன்று இருந்தது. முன்பே பார்த்திருக்க வேண்டும்; ஆசையில் விட்டிருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டேன். மற்ற புள்ளிகள் எல்லாம் கேலக்ஸியோடு சேர்ந்து திரும்பியிருந்தன. பதினேழு மட்டும் கேமராவின் அதே மூலையில் நின்றது. கேமராவின் பழுது.

“லைட்டுலதான்க்கா,” என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். தாலி நேரத்தில் மாப்பிள்ளையையே விடாதவர், உறைமோர்க் கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“இருந்துட்டுப் போட்டும் மக்கா. தூரத்துல இருந்து பாத்தா யாருக்குத் தெரியப் போவுது?”

அவர் பார்த்தும் விட்டுவிடச் சொன்ன ஒரே பிழை அதுதான். நான் எடுத்துவிட்டேன். பட்டியலில் இப்போது பதினாறுக்கு அடுத்து பதினெட்டு.