தானாகக் கேட்ட கேள்வி

"அண்ணா, சாப்பிட்டியா?"

கேட்டது பெட்டி. காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே பொறியாளர் கைவிட்டுவிட்டார். குரல் அவருடையதுதான், கோபித்துக்கொள்ளவும் வேறு ஆளில்லை.

பெட்டியைச் செய்தவரும் அவரே. பேச்சும் அசைவும் போய்ப் படுக்கையில் கிடந்த அவருடைய அண்ணனால் இயன்றதெல்லாம் கண்ணை உருட்டுவதும் வலப் புருவத்தைத் தூக்குவதும்தான். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய கட்டம் ஒளிரும்போது புருவத்தைத் தூக்கினால் நெற்றிப் பட்டை அதை உணரும்; பெட்டி பேசும். "தண்ணி வேணும்", "திருப்பிப் படுக்க வைங்க", "வலிக்குது" என்று எல்லாமே தம்பியின் குரல். முதல் கட்டத்தில் மட்டும், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, சுவரைப் பார்த்தபடி வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பதிந்திருந்தார். அதுதான் இப்போது நேரங்காலமில்லாமல் ஒலித்து மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து மீட்டர் பாக்க வந்தவர்கிட்டயும் கேட்டுடுச்சு தம்பி," என்றார் அண்ணி, வாசற்படியில் நின்று. "அவரு 'இன்னும் இல்லைங்க'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

"ஐயையோ! அப்புறம்?"

"அப்புறமென்ன? ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் எழுந்தாரு. ஆமா, அந்தக் கேள்வி இருக்கே தம்பி..."

"ஒரு நிமிஷம் அண்ணி. பட்டைக்கு உணர்ச்சி அதிகம். இப்பச் சரி பண்ணிடுறேன்."

மறுநாள் டாக்டர் வருவதாக இருந்தது. எது நோயாளியின் பேச்சு, எது பெட்டியின் உளறல் என்று தெரியாவிட்டால் அதைக் கழற்றச் சொல்லிவிடுவார். அண்ணன் மறுபடியும் ஊமையாகிவிடுவார். பொறியாளரின் அவசரத்துக்கு அதுவே காரணம்.

பட்டையின் உணர்ச்சியைக் குறைத்தார். அதன்பின் புருவத்தை முடிவரை ஏற்றினாலொழியப் பெட்டி அசையவில்லை. அந்தச் சிரமத்துக்கு அஞ்சி அண்ணன் தண்ணீர் கேட்பதை விட்டார். ஆனால் அவர் நெற்றி வியர்க்க வியர்க்கப் பெட்டி கேட்டது: "அண்ணா, சாப்பிட்டியா?"

"இரண்டு முறை தூக்கினால்தான் கணக்கு" என்று விதியை மாற்றினார். முதல் தூக்கல் ஒரு கட்டத்திலும் இரண்டாவது அடுத்த கட்டத்திலும் விழுந்தன. அண்ணன் கேட்டது தண்ணீர், கிடைத்தது சுவர். மூன்று முறை அவரைச் சுவர்ப்பக்கம் புரட்டிய அண்ணிக்கு மூச்சு வாங்கியது.

"பாவம் தம்பி, மனுஷன் என்ன தோசையா?"

"மன்னிச்சிருங்க அண்ணி. பழையபடி மாத்திடுறேன்."

மாற்றினார். அண்ணனைத் திரை பக்கம் திருப்பினார்கள். பெட்டி முதலில் பேசியது அதே கேள்வியைத்தான்.

"தம்பி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இருங்க அண்ணி, கண்டுபிடிச்சிட்டேன். காத்தாடி! அந்தக் காத்துல ஒயர் ஆடுது."

காற்றாடி நின்றது. அறை வெந்தது. பொறியாளர் அண்ணனின் நெற்றியை ஒற்றி ஒற்றித் துடைத்தார். பட்டை நனையக் கூடாதல்லவா! ஒயரைத் தட்டினார், பெட்டியைத் திறந்து ஊதினார், மூடினார். கண்ணாடியில் தெரிந்த சேவலைப் பகைவன் என்றெண்ணிக் கொத்திக் கொத்தி அலகு மழுங்கிய சேவலைப் போல, தம் குரலோடு தாமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணனின் கண்கள் அவரையே பின்தொடர்ந்தன. பொறியாளரின் கண்களோ பட்டையை விட்டு அகலவில்லை.

"அண்ணா, சாப்பிட்டியா?"

"உன்னை..." என்று பல்லைக் கடித்தவர், முதல் கட்டத்தையே அழித்தார்.

பெட்டி வாயடைத்தது. கட்டங்கள் ஒழுங்காக ஒளிர்ந்து அணைந்தன. ஒரு சுற்று, பல சுற்று; ஓர் உளறலும் இல்லை. அண்ணனின் புருவமும் அசையவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டார். களைத்துவிட்டார் போலும் என்று பொறியாளர் காற்றாடியைப் போட்டுவிட்டார். கருவிகளைப் பைக்குள் அடுக்கினார். நாளைக்கு டாக்டர் என்ன குறை சொல்லிவிட முடியும்? நெஞ்சு நிமிர்ந்தது.

"அண்ணி! ஒழிச்சுட்டேன். இனிமே அந்தக் கோளாறு ஜென்மத்துக்கும் வராது."

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்த அண்ணி, திரையைப் பார்த்தார். மூடிய கண்களைப் பார்த்தார்.

"அது கோளாறு இல்ல தம்பி, அவரேதான் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் கேட்டுக்கிட்டிருந்தாரு... நீங்க அவரைப் பாத்து அப்படி ஒரு வார்த்தை கேட்டு எத்தனை வருஷமாச்சு!"