முத்திரை இல்லாத இத்தாலி ஒயின்

பெண் கேட்கப் போகிறவன் பூ, பழத்தோடு போக வேண்டும். பாட்டிலோடு போன ஒரே முட்டாள், எனக்குத் தெரிந்து, நான்தான்.

எண்பதுகளில் உத்திரமேரூர் நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்கு வேலை. நெல்லை அள்ளிப் பார்த்து மோட்டா, சன்னம், அதிசன்னம் என்று தரம் பிரிப்பேன். காவாந்தண்டலம் கஸ்தூரி நெல் வண்டியோடு வந்த அன்று நெல்லைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அவளுடைய அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸ் இன்ஜினியர் ஒருவனை மாப்பிள்ளையாக முடிவு செய்யும் நிலையில் இருந்தார். கஸ்தூரி பிடிவாதம் பிடித்ததால், ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஒரு தடவை பார்ப்பதாகச் சொன்னார்.

கப்பலில் சமையல்காரராக இருந்த என் மாமா, இத்தாலியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒயினை என் கையில் கொடுத்தார்.

"அங்கயும் உன் நெல்லு மாதிரி தரம் கீதுடா. அடிமட்டம், சாப்பாட்டு மேசை ஒயின். அதுக்கு மேல, எந்த ஊரு திராட்சை, எப்படி செய்யணும்னு சட்டம் போட்டது. எல்லாத்துக்கும் மேல, சர்க்காரே சோதிச்சி, நம்பர் போட்ட சீட்டை பாட்டில் கழுத்துல ஒட்டி காரண்டி குடுக்கும். இது அந்த ரகம்."

பஸ்ஸில் ஏறியதும் எனக்குப் பயம் பிடித்தது. நம் ஊரில் கழுத்தில் சர்க்கார் சீட்டு ஒட்டிய பாட்டில் என்றால் மதுக்கடைச் சரக்குதான். சீட்டு இல்லாவிட்டால் சீமை சர்பத் என்று சொல்லிக்கொள்ளலாமே. எச்சிலைத் தொட்டு, நகத்தால் சுரண்டி, சுத்தமாகக் கிழித்து ஜன்னல் வழியே எறிந்தேன். (என்ன மூளை பாருங்கள்.)

சுபேதார் முன்னால் உட்கார்ந்ததும் சர்பத் கதை மறந்துபோய், இத்தாலி ஒயினின் தரப் பிரிவுகளை எல்லாம் ஒப்பித்தேன்.

"இது எந்தத் தரம் தம்பி?"

"ஒசந்த தரங்க. கழுத்துல சர்க்கார் சீட்டு ஒட்டியிருக்கும்."

அவர் பாட்டிலை மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். கழுத்து மொட்டையாக இருந்தது.

"நான்தாங்க கிழிச்சேன்."

"இன்னாத்துக்கு?"

சொன்னேன். அவர் தக்கையை ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே தள்ளி, டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். ரம் குடித்துப் பழகிய முகம் சுருங்கியது.

"பச்சைப் பாக்கைக் கடிச்ச மாதிரி கீது. இதுக்கா காரண்டி?"

"ஊருக்கும் செய்முறைக்கும்தாங்க காரண்டி. உங்க நாக்குக்கு இல்லீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. இன்ஜினியருக்குக் கல்யாணமே ஆகிவிட்டதுபோல் இருந்தது. எழுந்து செருப்பைத் தேடினேன்.

அடுக்களை வாசலிலிருந்து கஸ்தூரி பேசினாள். "ஏமாத்துற ஆளா இருந்தா, இல்லாத சீட்டை ஒட்டிக்கினு வந்திருப்பாரு நைனா. இந்த ஆளு, இருந்த சீட்டைக் கிழிச்சிப் போட்டுட்டு வந்து நிக்குது."

சுபேதார் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு உயிர் திரும்பியது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் மாமனார் என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான். "நம்ம மாப்ள. சர்க்கார் காரண்டி கெடையாது. என் பொண்ணு குடுத்த காரண்டிதான்."

அந்தக் காரண்டி எத்தனை வருஷத்துக்கு என்று கஸ்தூரியிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.