ரெஃப்ரீக்குக் கண்ணாடி போட்டது யார்?

ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் கண்ணாடிக்கடைக்காரர் கைப்பேசியைப் பார்த்தார். பார்த்தவர் ஷட்டரைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். அது பாட்டுக்குச் சரசரவென்று இறங்கித் தரையில் மோதியது.

"முப்பத்தெட்டு!"

"எது சார், லென்ஸ் பவரா?" என்றார் பக்கத்தில் நின்றிருந்த லென்ஸ்காரர். பத்து வருடமாகக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர்.

"கமெண்ட்டுய்யா, கமெண்ட்டு!"

உள்ளூர்க் கால்பந்து லீகைப் பற்றி 'மூலைக்கொடி' என்ற பிளாக்கைக் கடைக்காரர் மூன்று வருடமாக எழுதிவருகிறார். இதுவரை வந்த கமெண்ட்டுகள் பதினொன்று. அவற்றில் ஏழு அவருடைய மனைவி போட்டவை. ஆறு முறை 'அருமை' என்றும், ஒரு முறை 'போனை எடுங்க, வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க' என்றும் எழுதியிருந்தாள்.

"பேரைக் கேட்டா எவன் சார் வாயைத் திறப்பான்?" என்று லென்ஸ்காரர்தான் அடிக்கடி சொல்வார். "திட்டினவனும் திட்டு வாங்கினவனும் ஒரே தெருவுல இருக்கானுங்க. பேர் போடாத அனானிக்குக் கதவைத் திறந்து விடுங்க. கூட்டம் எப்படி வருதுன்னு பாருங்க."

நேற்று மாலைதான் திறந்துவிட்டார். கூட்டம் வந்துவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்து ஆசையாக முதல் கமெண்ட்டைப் படித்தார். 'அது பெனால்டியா? ரெஃப்ரீக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சா?'

அடுத்தது: 'கார்னர் கொடிக்கே மஞ்சள் அட்டை காட்டின ஆளாச்சே!'

அதற்கடுத்தது: 'பந்து எது, பந்து பொறுக்கிப் போடறவன் தலை எதுன்னு தெரியாத மனுஷன்.'

முப்பத்தெட்டும் ரெஃப்ரீயைப் பற்றித்தான். கடைக்காரருக்குக் குப்பென்று வியர்த்தது. இருபத்திரண்டு வருடமாக விசில் ஊதும் அந்த ரெஃப்ரீ, கடைக்காரர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

கடைசிக் கமெண்ட் இன்னும் மோசம். 'ரெஃப்ரீக்குக் கண்ணாடி போட்டது யார்? இந்த பிளாக்குக்காரர்தான்!'

வாசலில் நிழல் தட்டியது. முந்தாநாள் கண்ணாடிக்கு அளவு கொடுத்த டீச்சரம்மா.

"வாங்கம்மா, உங்க கண்ணாடி ரெடி."

"அந்த ரெஃப்ரீக்குப் போட்டது நீங்கதானா?"

"அது வந்து..."

"பரவால்லைங்க. நான் எதுக்கும் இன்னொரு இடத்துல காட்டிட்டு வந்துடறேன்."

டீச்சரம்மா தெருமுனை திரும்புவதற்குள் மனைவியின் போன்.

"என்னங்க, எங்கண்ணனை நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களே!"

"நான் ஒரு வரிகூட எழுதலையேம்மா."

"வீட்டைத் திறந்து போட்டுட்டு, நான் திருடலையேன்னா என்ன அர்த்தம்? எல்லாத்தையும் அழிங்க!"

அழித்தார். அரைமணி நேரத்தில் அறுபது கமெண்ட்டுகள் வந்து விழுந்தன. 'ஏன் அழிச்சே?' 'மச்சானைக் காப்பாத்தறியா?' 'மூலைக்கொடி இல்ல, இது மூத்த மச்சான் கொடி!'

"மச்சான்னு எப்படித் தெரிஞ்சுது?" கடைக்காரர் திடுக்கிட்டுப் போனார். "நான் பிளாக்ல உறவைப் பத்தி மூச்சே விட்டதில்லையே!"

நாலு பேர் திட்டினால், நாமே ஐந்தாவது ஆளாகப் பாராட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. தானும் பெயர் போடாமல் எழுதினார்: 'இவரைப் போன்ற நேர்மையான நடுவர் இந்த வட்டாரத்திலேயே இல்லை. அவர் அணிந்திருக்கும் கண்ணாடியும் மிகத் தரமானது.'

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. 'கண்ணாடிக்காரரே, வணக்கம்.'

கடைக்காரர் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தார். "கண்டுபிடிச்சுட்டான்யா! எப்படிய்யா கண்டுபிடிச்சான்?"

லென்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். "கண்ணாடியும் தரமானதுன்னு ரசிகன் எவன் சார் எழுதுவான்?"

ஆத்திரத்தில் அனானிக் கதவைச் சாத்தி, பெயர் கட்டாயம் என்று மாற்றினார். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. அப்பாடா என்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு கமெண்ட் வந்தது, பெயரோடு.

'மூலைக்கொடி மனைவி: எங்கண்ணனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கண்ணு சுமார்தான். தலையணைன்னு நினைச்சுப் பூனை மேல தலை வெச்சுப் படுத்தவர்.'

கால்மணி நேரத்தில் மனைவியே நேரில் வந்துவிட்டாள். செருப்பு ஒரு கால் அவளுடையது, இன்னொரு கால் அவருடையது.

"பூனை விஷயத்தை வெளியில சொன்னது யாரு?"

"நான் இல்லம்மா! சத்தியமா!"

"அது எங்க வீட்டு ஹால்ல நடந்தது. எனக்கும் எங்கண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதுசுல உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்!"

"நான் உன் பேர்ல எழுதுவேனா?"

"அனானியா எழுதி மாட்டிக்கிட்ட ஆள்தானே நீங்க?"

கடைக்காரர் ஆதரவுக்குத் திரும்பிப் பார்த்தார். லென்ஸ்காரர் இருந்த இடத்தில் அவரைக் காணவில்லை. உள்ளே தேய்ப்பு இயந்திரம் மட்டும் ரொம்பச் சத்தமாக ஓடியது.

பேர் கேட்டால்தானே பேரைத் திருடுகிறான் என்று மறுபடி அனானிக்கே திறந்துவிட்டார். அன்று மாலைக்குள் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. கடைக்கு வந்த ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் வழி கேட்க வந்தவர்.

மறுநாள் காலை ரெஃப்ரீயே கடைக்கு வந்தார். நெடுநெடுவென்ற ஆள், தோள் தொங்கிப்போயிருந்தது. கடைக்காரர் பதறி எழுந்தார்.

"வாங்க மச்சான். என்னை மன்னிச்சிடுங்க. இப்பவே பிளாக்கையே மூடிடறேன்."

"வேண்டாம் மாப்பிள்ளை. மூடினா பயந்துட்டோம்னு பேசுவாங்க. என் கண்ணைச் சோதனை பண்ணுங்க. என்ன வருதோ அதை அப்படியே உங்க பிளாக்ல போடுங்க. அத்தனை வாயும் மூடிக்கும்."

கடைக்காரர் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மனுஷன் என்ன மனுஷன்! உள்ளறையில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார்.

"மேல இருக்கிற பெரிய எழுத்து என்ன மச்சான்?"

ரெஃப்ரீ கழுத்தை நீட்டிப் பார்த்தார். "எழுத்தா? நான் காலண்டர்னு நினைச்சேன்."

கடைக்காரர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஒரு லென்ஸ் போட்டார். "இப்ப?"

"மங்கலா இருக்கு."

இன்னொன்று போட்டார். "இப்ப?"

"இப்ப விளக்கே தெரியலையே மாப்பிள்ளை. கரண்ட் போச்சா?"

தாடையைக் கம்பியில் வைக்கச் சொல்லி இயந்திரத்தில் அளந்தார். போன வருடம் இருந்த அதே பவரைத்தான் அது காட்டியது. கடைக்காரர் இயந்திரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பவரில் கோளாறு இல்லையென்றால், கோளாறு உள்ளே இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால், நரம்பில். இந்த மனுஷன் இத்தனை நாள் எதை வைத்து ஆட்டத்தை நடத்தினார்? எந்தத் தைரியத்தில் ஸ்கூட்டர் ஓட்டினார்? திட்டிய அத்தனை பேரும் உண்மையைத்தான் சொன்னார்களா?

"மச்சான்... இது பெரிய டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய விஷயம்."

ரெஃப்ரீ துழாவி அவர் தோளைத் தொட்டார். இரண்டாவது முயற்சியில்தான் தோள் கிடைத்தது. "எழுதுங்க மாப்பிள்ளை. குடும்பம்னு பார்க்காதீங்க. நாலு பேர் படிக்கிற இடத்துல பொய் எழுதக்கூடாது."

அன்று மதியம் கடைக்காரர் எழுதினார். மூன்று வருடத்தில் அவ்வளவு சுருக்கமாக அவர் எழுதியதே இல்லை. 'நடுவரின் பார்வை இன்று சோதிக்கப்பட்டது. அவருக்கு மருத்துவச் சிகிச்சையும் ஓய்வும் உடனடியாகத் தேவை.' பதிவேற்றிவிட்டு, கண்ணாடி துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கமெண்ட் ஒன்றுகூட வரவில்லை. அனானிகள் மொத்தமாக அடங்கிவிட்டார்கள்.

பத்தாவது நிமிடம் லீக் செயலாளர் போன் செய்தார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? இந்த வெயில்ல தொண்ணூறு நிமிஷம் ஓட எனக்கு வேற யாரு சார் இருக்கா? ஞாயித்துக்கிழமை வீட்டோட இருக்கணும்னு மனுஷன் ஆறு தடவை ராஜினாமா கடிதம் கொடுத்தாரு. ஆறையும் அவர் கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டேன். இப்ப உடம்புன்னு ஊரறிய எழுதிட்டீங்க. நான் எப்படிக் கிழிக்கிறது? விடுவிச்சாச்சு."

"பாவம் சார், உடைஞ்சு போயிருப்பாரு."

"விசிலைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணுல தண்ணியா கொட்டுச்சு சார். என்னாலேயே பார்க்க முடியல."

இதைக் கேட்டதிலிருந்து மனைவி அழுதபடியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கும் நாலு மணிக்கு இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். கண் மருத்துவமனையில் நரம்பு டாக்டரிடம் வாங்கிய நேரச் சீட்டு கடைக்காரர் சட்டைப்பையில் இருந்தது. வழி நெடுக, என்ன சொல்லித் தேற்றுவது என்று இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். எதைச் சொன்னாலும் அழுகையில்தான் முடிந்தது.

ரெஃப்ரீயின் மகள், கல்லூரியில் படிக்கிறவள், தலையைத் துவட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"வாங்க அத்தை, வாங்க மாமா. என்ன ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க?"

"அப்பா எங்கடி கண்ணு?" மனைவியின் குரல் உடைந்தது.

"மொட்டை மாடியில."

"மாடியிலயா! கண்ணு தெரியாத மனுஷனைத் தனியா ஏத்தி விட்டிருக்கியே, கால் இடறினா என்ன ஆகிறது? அங்க என்னடி பண்றாரு?"

"மாமா பிளாக்குக்கு நன்றி சொல்லி கமெண்ட் டைப் பண்ணிட்டிருக்காரு அத்தை," என்றாள் அவள். "வழக்கம்போல பேர் போடாமத்தான்."