அண்ணாந்து பார்க்காமல் சொல்லிவிடுகிறவர்கள்

“ஊரு ஒலகத்துல யாரையும் விட்டுட்டு உன்னைப் பாக்கத்தான் வேத்துக்கிரகத்துக்காரன் வானத்துலேர்ந்து எறங்கி வர்றானாக்கும்! அது வெள்ளிக் கிரகம்டி. போயி வேலையைப் பாரு!”

தெளிவக்கா தன் நாத்தனாரிடம் ஒரு சாயங்காலம் எரிந்து விழுந்தது இப்படி. நாத்தனார் பாவம், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள், சிவப்பு வெளிச்சம் ஒன்று மெல்ல நகர்ந்து, நின்று, வந்த வழியே திரும்பிப் போனதைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க மூன்று மாடி இறங்கி ஓடிவந்திருந்தாள். பாதிதான் சொன்னாள். அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

தெளிவக்காவின் இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் போனால் செயற்கைக்கோள், உருண்டையாக இருந்தால் பலூன், தட்டையாக இருந்தால் மேகம், சத்தம் போட்டால் விமானம், சத்தமே போடாவிட்டால் தூரத்து விமானம், கூட்டமாகப் போனால் தெருவிளக்கு வெளிச்சம் அடிவயிற்றில் பட்ட பறவைகள், இதில் எதிலும் அடங்காவிட்டால் பார்த்தவர் கண்ணில் புரை. எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அண்ணாந்து பார்க்கத்தான் நேரமில்லை.

தெளிவக்கா பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. முப்பது வருடம் சலவை ஆலையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். மேஜைக்கு மேலே தொங்கிய ரேடியோ சொன்னதையெல்லாம் விரிப்போடு விரிப்பாக மடித்து மண்டைக்குள் அடுக்கிக்கொண்டாள். புருஷன் போன பிறகு மறுத்துப் பேச ஆளில்லாமல் அறிவு இன்னும் கொழுத்துவிட்டது. (இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

நாத்தனார் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த கதவுதான். தினமும் சேர்ந்து குடித்த டீ இப்போது இரண்டு வீட்டில் இரண்டு டம்ளராக ஆறியது. தெளிவக்காவுக்குப் பேச இருந்த ஒரே ஆள் அவள். உள்ளே அரித்தது. ஆனாலும் இறங்கி வருவாளா? வெள்ளிக் கிரகத்தின் மானம் என்னாவது?

அந்த மானத்தை மாடிப்படியில் வைத்து வாங்கினார், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கீழ்வீட்டுக்காரர்.

“என்னக்கா, நாத்தனாருக்கு வெள்ளியைக் காட்டினீங்களாமே?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“ரெண்டு மாசமா அது விடியக்காலைலதானே வருது? சாயங்காலத்துல ஏதுக்கா வெள்ளி?”

“அப்ப செவ்வாயா இருக்கும்!”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்க தோஷம்.

அன்று சாயங்காலம் முட்டியைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினாள். அண்ணாந்து பார்த்தாள். சிவப்பு வெளிச்சம்! நகர்ந்தது, நின்றது, திரும்பியது. பலூன், விமானம், பறவை என்று கையிருப்பு முழுவதையும் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. ஓடிப்போய் நாத்தனார் கதவைத் தட்டினாள்.

“ஏய், அது வந்திருக்குடி!”

நாத்தனார் உருளைக்கிழங்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“வெள்ளிக் கிரகமா இருக்கும், அண்ணி.”

“இல்லடி, சத்தியமா இல்ல! உன் காலைப் பிடிக்கிறேன், வந்து பாரு!”

மீதமிருந்த மூன்று கிழங்கையும் நிதானமாகத் தோல் சீவிவிட்டுத்தான் எழுந்தாள்.

வெறும் கண்ணுக்கு இருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாளே தெளிவக்கா கடைக்குப் போய் ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தாள். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். தூரத்தில் புதிதாக எழும்பும் கட்டடம். அதன் மேல் ஒரு கிரேன். கிரேனின் கை நுனியில் சிவப்பு விளக்கு.

“சே, கிரேனா!” நாத்தனாருக்குச் சப்பென்று போய்விட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “ஆனா வெள்ளி இல்லல்ல, அண்ணி?”

தெளிவக்கா தொலைநோக்கியைக் கீழே இறக்கினாள்.

“இல்லடி. நான் பாக்காமயே சொல்லிட்டேன்.”

“அதைச் சொல்ல இத்தனை நாளா? வாங்க, டீ போடுறேன்.”

கிரேனாகத்தான் இருக்கும் என்று நீங்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே? வாருங்கள், எங்கள் மாடியில் இன்னொரு நாற்காலிக்கு இடமிருக்கிறது. தொலைநோக்கியை மட்டும் நீங்களே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எங்களுடையது, கீழ்வரிசைப் பல்செட்டுக்கென்று நான் எடுத்து வைத்திருந்த பணம் மொத்தத்தையும் விழுங்கிவிட்டது.