பெரியவன், சின்னவன், பதினான்கு காதுகள்

அன்று எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். அப்பா, அம்மா, நான், என் வயதொத்த பக்கத்து வீட்டுச் சின்னையா. கிள்ளானிலிருந்து வந்த ஆபிரகாம் கிராணி, அவர் மனைவி, அவர்கள் மகள் எஸ்தர். ஆளுக்கு இரண்டாக மொத்தம் பதினான்கு காதுகள். வாசலில் படுத்திருந்த நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. (உண்மையில் அதற்குத்தான் அன்று அதிகச் சேதம்.)

யாரும் பெண் பார்க்க வரவில்லை, மாப்பிள்ளை பார்க்கவும் வரவில்லை. அப்படித்தான் இரு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். நேராக வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் இரு பக்கமும் மனஸ்தாபம் அல்லவா? அதனால் ஒரு சாக்கு. ஞாயிறு ஆராதனை முடிந்து, "நம்ம தேவசகாயம் ஏதோ ஸ்பீக்கர் பெட்டி செஞ்சிருக்கானாமே, ஒரு பாட்டுக் கேட்டுட்டுப் போவோம்" என்று வருவார்கள். (தேவசகாயம் நான்தான்.) பிடித்திருந்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் பாட்டோடு போயிற்று.

ஆக, என் வாழ்க்கையே அந்தப் பெட்டியின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சாதாரணமாகவே கவலை அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மூன்று தரம் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ரயில் பட்டறைக்குப் போனவன் நான். எஸ்தரோ மிஷன் பள்ளியில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவள். அவள் இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிட்டால்? நாற்காலிக் கால் உடைந்து கிராணி விழுந்துவிட்டால்? நான் கவலைப்படாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், அதுதான் நடந்தது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேசும்படக் கொட்டகையில் மின்விசிறி பழுது பார்க்கப் போனபோது திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பெரிய ஸ்பீக்கர் ஒன்று, அதன் மேல் சின்னதாக ஒன்று. பெரியது மத்தளம் மாதிரி அடித்தொண்டைச் சத்தங்களைப் பார்த்துக்கொள்ளும். சின்னது புல்லாங்குழல் மாதிரி கீச்சுச் சத்தங்களை. (இன்றைக்குப் பிள்ளைகள் ஊஃபர், ட்வீட்டர் என்கிறார்கள். நாங்கள் பெரியவன், சின்னவன் என்றோம்.) பழைய ரேடியோ ஒன்று, கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று, ஒரு கொம்பு ஸ்பீக்கரின் வாய், தேயிலைப் பெட்டிப் பலகை எல்லாம் சேர்த்து நானும் அப்படி ஒன்று செய்தேன். கிராமபோனை அதில் மாட்டினால் பாட்டு வரும்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பெரியவனும் சின்னவனும் சம அளவில் பாட வேண்டும். ஒருவன் மற்றவனை அமுக்கக்கூடாது. அதற்காகச் சின்னவனுக்கு மட்டும் ஒரு திருகு வைத்திருந்தேன். கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு என்று யார் சொல்வது? என் காதை மட்டும் நம்ப எனக்குப் பயம். எனவே மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைத்தேன்: நான், அப்பா, சின்னையா. மூன்று பேருமே பட்டறையில் பாய்லர் பிரிவு. அப்பா இருபத்திரண்டு வருஷமாக இரும்புத் தகட்டில் ஆணி அறைந்தவர். நானும் சின்னையாவும் பதின்மூன்று வயதில் பாய்லருக்குள் தவழ்ந்து, அந்த அறை விழும் ஆணியை உள்ளிருந்து பிடித்தவர்கள்.

"சின்னவன் கேக்குதாப்பா?"

"எந்தச் சின்னவன்?"

திருகைக் கூட்டினேன். "இப்ப?"

"பெரியவன்தான் கேக்கறான். சின்னவனுக்குக் காய்ச்சலா?"

இன்னும் கூட்டினேன். அடுக்களையிலிருந்து அம்மா காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, நிறுத்துங்கடா! பூனையை உயிரோட அறுக்கற மாதிரி இருக்கு!"

"அத்தைக்குப் பழக்கமில்ல லா," என்றான் சின்னையா. "நீ கூட்டு."

அம்மாவுக்குக் கமிட்டியில் ஓட்டு இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பரிசோதித்தோம். இரண்டாவது ஞாயிறு எங்கள் பூனை வீட்டை விட்டுப் போயிற்று. எலி தீர்ந்துபோயிருக்கும் என்று முடிவு செய்தோம். கடைசியில் அப்பா, "ஆங், இப்பத்தான் ரெண்டு பேரும் ஜோடியாப் பாடறாங்க" என்றார். திருகு நின்ற இடத்தில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அரைத் திருகு கூட்டி வைத்தேன்.

கிராணி வந்தார். கிள்ளான் ஸ்டேஷன் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். தேநீர் வந்தது. எஸ்தர் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க தம்பி, பாட்டைப் போடுங்க," என்றார் கிராணி.

கீர்த்தனை இசைத்தட்டைப் போட்டேன். முதலில் ஆர்மோனியம், பெரியவன் கம்பீரமாக ஆரம்பித்தான். கிராணி தலையை ஆட்டினார். எனக்குப் பாதி உயிர் வந்தது. அடுத்து ஜால்ரா சேர்ந்தது.

கிராணி மனைவியின் தேநீர் அவர் மடியில் கொட்டியது. எஸ்தர் இரண்டு காதிலும் விரலை வைத்தாள். வாசல் நாய் எழுந்து ஸ்டேஷன் பக்கமாக ஓடியது. எங்கள் கமிட்டி மட்டும் புன்சிரிப்போடு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கிராணியின் மனைவி கண்களில் நீர் தளும்பியது.

சின்னையா என் விலாவில் இடித்தான். "பாட்டுல உருகி அழறாங்கடா! கூட்டு, கூட்டு!"

கூட்டினேன்.

கிராணி நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கே போய்விட்டார். அம்மா ஓடி வந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

கிராணி வாசற்படியில் நின்றபடி கேட்டார்: "தம்பி, அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"எந்தச் சத்தம் ஐயா?"

"மூணு வாரமா நாயாக் கத்தறேன்," என்றாள் அம்மா. "மூணும் பாய்லர் காதுங்க!"

அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. பாய்லரின் ஆணிச் சத்தம் எங்கள் மூவர் காதிலும் பாதியைத் தின்றிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது. அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

கிராணி உள்ளே வந்தார். கடிகாரத்தை எடுத்து என் காதுக்குப் பின்னால் பிடித்தார். "இது கேக்குதா தம்பி?"

ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா 'ஆமாம்' என்றிருக்கலாம். என் நாக்கு அத்தோடு நிற்கவில்லை.

"நல்லாக் கேக்குது ஐயா. டிக், டிக், டிக்..." என்று தலையையும் ஆட்டிக் காட்டினேன்.

"எனக்கு இங்க வரைக்கும் கேக்குது!" என்றான் அறையின் மறுகோடியிலிருந்து சின்னையா, என் நண்பன்.

கிராணி கடிகாரத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். "காலையில சாவி கொடுக்க மறந்துட்டேன். கோயிலுக்குப் போகையிலேயே நின்னுபோச்சு."

அப்பா தரையைப் பார்த்தார். நான் பெட்டிக்குள் புகுந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"சரி, பாட்டுக் கேட்டாச்சு. ரயிலுக்கு நேரமாச்சு," என்று கிராணி குடையை எடுத்தார். இனி அவர்கள் வரமாட்டார்கள் என்பது எங்கள் காதுக்கே கேட்டது.

எஸ்தர் எழுந்தாள். வாசலுக்குப் போகாமல் பெட்டியிடம் வந்தாள். ஒயரைத் திரும்ப மாட்டச் சொல்லி அம்மாவிடம் ஜாடை காட்டினாள். பாட்டு வந்ததும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். என் சிவப்புக் கோட்டைத் தாண்டி, பாதியைத் தாண்டி, கிட்டத்தட்ட முழுக்கக் குறைத்தாள். அவள் அம்மாவின் முகம் தெளிந்தது. கிராணி குடையைச் சுவரில் சாய்த்தார்.

எஸ்தர் என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டாள். "இப்ப ஜால்ரா கேக்குதா உங்களுக்கு?"

அம்மா பின்னாலிருந்து 'கேக்குதுன்னு சொல்லுடா' என்று கண்ணைக் காட்டினாள். சின்னையாவும் தலையை ஆட்டினான்.

"இல்லைங்க," என்றேன். "ஒண்ணும் கேக்கல."

"எனக்குச் சரியாக் கேக்குது," என்றாள் எஸ்தர். பிறகு கிராணியிடம், "கேட்டா உண்மையச் சொல்றாங்கப்பா. ரெண்டாவது தடவையாச்சும்."

கிராணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமா அக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். கிள்ளான் ரயிலை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த வாரமே எஸ்தர் ஒரு சட்டம் போட்டாள். கேட்காததைக் கேட்டதாக நான் தலையாட்டினால் தடவைக்கு ஐந்து காசு அபராதம், இருபது தடவைக்கு ஒரு வெள்ளி. முதலில் அவளே கணக்கு வைத்தாள். இப்போது பேரப்பிள்ளைகள் வைக்கிறார்கள், இரக்கமே இல்லாமல். நேற்றுக்கூட அவள் பின்கட்டிலிருந்து ஏதோ கேட்டாள். "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றேன். அவள் கேட்டது, மழை வருது, துணியை எடுத்தீங்களா என்று.

இதுவரை ஒரு காசும் கட்டவில்லை. நேற்றோடு பாக்கி, நூற்று எண்பத்தேழு வெள்ளி நாற்பத்தைந்து காசு.