அம்மாவின் மைக்கும் என் டிப்ளமாவும்

ஆறு மாத டிப்ளமா ஒருவனுக்குக் கொடுக்கிற தன்னம்பிக்கையை ஆறு வருட அனுபவம் கொடுப்பதில்லை. அனுபவஸ்தன் "பார்க்கலாம்" என்பான். டிப்ளமாக்காரன் "ரெண்டு நிமிஷம் குடுங்க" என்பான். தொண்ணூறுகளின் கடைசியில், மயிலாப்பூரில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் ஊரில் எல்லோரிடமும் ரெண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தி.நகரில் ஒரு மாடியில் இயங்கிய கம்ப்யூட்டர் சென்டரில் படித்து முடித்த கையோடு, அப்பாவை நச்சரித்து வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வைத்தேன். வேலை தேடத்தான் என்று சொல்லி வாங்கினேன். (பெரும்பாலும் சீட்டாடினேன். தனியாக ஆடும் அந்தச் சீட்டாட்டத்திலும் தோற்பேன்.) அதை யாரும் தொடக் கூடாது என்பது என் சட்டம். அம்மா துடைக்க வந்தால் "ஸ்டாடிக் ஆயிடும்" என்று விரட்டுவேன். ஸ்டாடிக் என்றால் என்ன என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். அது உனக்குப் புரியாது என்றேன். எனக்கும் புரியாது என்பதை அங்கே விவாதிக்கவில்லை.

அந்த நவம்பரில் நியூஜெர்சியிலிருந்து அக்கா வசுமதி ஒரு செய்தி அனுப்பினாள். அவள் ஊரில் மூன்று அம்மாக்கள் சேர்ந்து தங்கள் பெண்களுக்குப் பாட்டு டீச்சர் தேடுகிறார்கள். உள்ளூரில் கிடைக்கவில்லை, அதனால் இன்டர்நெட் வழியாக இந்தியாவிலிருந்தே யாராவது சொல்லிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். பெங்களூரில் ஒரு டீச்சரை ஏற்கெனவே பாடச் சொல்லிக் கேட்டாகிவிட்டது. அம்மாவையும் சனிக்கிழமை காலை கேட்கலாம் என்று அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். "போன்லயே பாடினா என்ன?" என்று அப்பா கேட்டார். வகுப்பு நெட்டில்தான் நடக்கப்போகிறது, அதனால் பரீட்சையும் நெட்டில்தான் என்று பதில் வந்தது.

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் முறையாகப் பாட்டு கற்றவள். ரேடியோவில் பாட ஆடிஷனுக்குத் தேதி வந்தது, அதே வாரம் கல்யாணமும் வந்தது, எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு தெருவில் உள்ள வாண்டுகளுக்கு சரளி வரிசை சொல்லிக் கொடுப்பதோடு சரி. யாரோ ஒரு வெளி மனுஷர் தன் பாட்டைக் கேட்டு, "இவர்தான் வேணும்" என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த வாரம் அவள் மோர் சாப்பிடுவதை நிறுத்தி, மிளகுக் கஷாயம் குடித்தாள். அதிலிருந்தே எனக்குப் புரிந்தது.

"உன் மெஷின் ஒழுங்கா இருக்குமோல்லியோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஹெட்போனும் மைக்கும் வாங்கி வந்தேன். கம்ப்யூட்டர் பெட்டி சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் செருகியிருந்ததால், பின்பக்கம் கையை விட்டுத் துழாவித்தான் எதையும் மாட்ட முடியும். ஒயர் மாட்டும் ஓட்டைகள் வரிசையாக நாலு. ஹெட்போன் பின் முதலில் எதிலும் போகவில்லை, கடைசி ஓட்டையில் சிக்கென்று உட்கார்ந்தது. மைக் பின் பாதிதான் போனது. சரி, இந்த மாடல் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானே ஒரு விதியை எழுதிக்கொண்டேன்.

ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டி, ஒரு சின்ன இசைத் துணுக்கைத் தட்டினேன். அம்மா நாற்காலியிலிருந்து அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "யார் வந்திருக்கா?" என்றார். சத்தம் அத்தனை.

"காதுக்குள்ள யாரோ பாத்திரம் தேய்க்கறாடா" என்றாள் அம்மா.

சத்தத்தைக் குறைத்தேன். திரையில் இருக்கும் அந்தக் குமிழை அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே வைத்தால்கூட அலறியது, அடிமட்டத்தில் வைத்தால் ஊமை. நடுவில் எதுவும் இல்லை. மைக்கோ இதற்கு நேரெதிர். அம்மா பாடப் பாட, திரையில் ஏறி இறங்க வேண்டிய பச்சைக் கோடு செத்துக் கிடந்தது. சீசாவைக் கவிழ்த்துத் தட்டுகிற மாதிரி மைக்கைத் தட்டினேன். ஊதினேன். அதன் காதில் "ஒன், டூ, த்ரீ" சொன்னேன்.

பிறகு என் டிப்ளமா வேலையை ஆரம்பித்தது. சவுண்டு கார்டுக்கான மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். வைரஸ் என்று சந்தேகப்பட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தேடவிட்டேன். கடைசியில் விண்டோஸையே அழித்து மறுபடி போட்டேன். அதில் நான் சேர்த்து வைத்திருந்த வேலை விண்ணப்பங்கள் எல்லாம் போயின, சீட்டாட்டம் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது. மைக் பேசவில்லை. தி.நகருக்குப் போய் மைக்கை மாற்றினேன். மறுநாளும் மாற்றினேன்.

கடைக்காரர் என் எதிரிலேயே தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பேசிக் காட்டினார். "மைக்கு நல்லாத்தான் கீது சார். இன்னா, கச்சேரி எதுனா பண்றீங்களா, தினம் ஒண்ணு எடுத்துக்கினு போறீங்களே?"

அதிலும் நான் பாடம் படிக்கவில்லை. பதிவு செய்கிற மென்பொருளில்தான் ஏதோ கோளாறு, நேரடியாக லைனில் போனால் சரியாகிவிடும் என்று முடிவுகட்டினேன். எதை வைத்து முடிவுகட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அம்மாவிடம் எல்லாம் ரெடி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மா அரக்கு நிறப் பட்டுப் புடவையில் வந்து நின்றாள். படம் தெரியாதும்மா, குரல் மட்டும்தான் போகும் என்றேன். "எனக்குத் தெரியுமோன்னோ" என்றாள். மோடம் வழக்கம்போலக் கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக லைன் கிடைத்தது. மறுமுனையில் அக்கா வீட்டு ஹாலில் மூன்று அம்மாக்களும் அவர்கள் பெண்களும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, கேக்கறதா?" என்று அக்காவின் குரல் ஹெட்போனைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அம்மா அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கையில் பிடித்திருந்தும் சமையலறை வரை கேட்டது. கடைசியில் அதைக் காலண்டர் மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். நியூஜெர்சி எங்கள் ஹால் முழுவதும் கணீரென்று கேட்டது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். தொண்டை அன்றைக்கு அப்படி ஒத்துழைத்தது. பல்லவி முடிந்ததும் திரையில் அக்கா டைப் அடித்தாள்: ஒன்றுமே கேட்கவில்லை, ஆரம்பித்தாயிற்றா?

அம்மா என்னைப் பார்க்கிறாள், அப்பா பேப்பருக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். மைக் வேலை செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் ஒரு புளுகை டைப் அடித்து அனுப்பினேன்: லைன் இரண்டு பக்கமும் போய்விட்டது, உங்கள் சத்தமும் எங்களுக்கு வரவில்லை, ரெண்டு நிமிஷம், சரி செய்கிறேன்.

அந்தப் பக்கம் அதை அக்கா உரக்கப் படித்துக் காட்டினாள். அதுவும் எங்களுக்குக் கேட்டது. எங்களுக்குத்தான் எதுவும் கேட்கவில்லையே என்ற தைரியத்தில் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஆணியில் தொங்கிய ஹெட்போன் அதை ஒரு சொல் விடாமல் எங்களுக்கு ஒலிபரப்பியது.

"வசு, தப்பா எடுத்துக்காதே" என்றது ஒரு கனத்த குரல். "உங்கம்மாக்கு ஞானம் இருக்கும். ஆனா வயசானவா. நம்ம குழந்தைகளோட மல்லுக்கட்ட முடியுமா? இந்த மெஷினெல்லாம் வேற இருக்கு. பெங்களூர்க்காரி இங்கிலீஷ்லயே சொல்லித்தரா."

இன்னொரு குரல், பெங்களூர் டீச்சரோடு சேர்ந்து பாடினபோது தாளம் ஒட்டவே இல்லையே என்று இழுத்தது. அது நெட்டின் கோளாறு, யார் சொல்லிக் கொடுத்தாலும் அப்படித்தான் இருக்கும், அவரையே முடித்துவிடலாம் என்று கனத்த குரல் தீர்ப்புச் சொன்னது. அக்கா மெதுவாக ஏதோ சொல்லப் பார்த்தாள். எடுபடவில்லை.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த ஆடிஷன், இந்தத் தடவை அதைக் கெடுத்தது கல்யாணம்கூட இல்லை, நான்.

"யாரு வயசானவா?" என்றாள் அம்மா.

பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு வந்து, நான் தடுப்பதற்குள் மைக் ஒயரைப் பிடித்து ஒரே இழு. பின் வெளியே வந்தது. அதன் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அம்மா அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏன்னா" என்றாள் ஹால் பக்கம் திரும்பி, மிக நிதானமாக. "இது நம்மாத்துச் சந்தனம்னா."

அப்பா பேப்பரை மடித்தார்.

எங்கள் அப்பா சரஸ்வதி பூஜையை அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. மிக்ஸி என்றால் மூன்று ஜாருக்கும் தனித்தனியாக, இஸ்திரிப் பெட்டி, அம்மாவின் சுருதிப் பெட்டி, கரண்ட் மீட்டர், பூட்டு, அந்தப் பூட்டின் சாவி. அந்த வருஷம் கம்ப்யூட்டர் புதிது. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நான் யாரையும் விரட்டவில்லை. அவர் பெட்டியை நகர்த்திப் பின்பக்கமும் பார்த்திருக்கிறார். வட்ட வட்டமாக நாலு ஓட்டை, பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல. குழைத்த சந்தனத்தை ஒவ்வொன்றிலும் மோதிர விரலால் அழுத்தி அப்பியிருக்கிறார்.

"நாலாவதுக்கு வரச்சே கிண்ணத்துல தீர்ந்து போயிடுத்து" என்றார் அப்பா, குறை வைத்துவிட்ட வருத்தத்தோடு.

மிஞ்சியிருந்த அந்த நாலாவது ஓட்டைதான் பெரிய ஸ்பீக்கர்களுக்கானது. என் ஹெட்போன் வாரம் முழுக்க அலறியது அதனால்தான். மைக் ஓட்டையில் சந்தனம் சிமெண்ட்டாக இறுகிக் கிடந்தது. நான் விண்டோஸை அழித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். அப்பா பீரோவைத் தள்ளினார். நான் குப்புறப் படுத்து, ஆறு மாதம் படித்த படிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஊக்கால் சுரண்டினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும்போது கோயில் வாசனை அடித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். மைக் பின்னைச் செருகினேன். முதல் முறையாக அது முழுசாக உள்ளே போய் "டிக்" என்றது.

"வசு" என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் பேச்சு பட்டென்று நின்றது. ஒரு கணம் கழித்து, அங்கேயிருந்து எதிரொலித்து, "வசு" என்று அம்மாவின் குரலே ஆணியிலிருந்து திரும்பி வந்தது. அம்மா தலையைச் சாய்த்து அதைக் கவனித்தாள்.

"அம்மா, கேக்கறது. நன்னா கேக்கறது" என்றாள் அக்கா.

"எங்களுக்கு எப்பவும் நன்னா கேட்டுண்டுதான் இருந்தது" என்றாள் அம்மா. அம்மா தொடர்ந்தாள். "தாளம் ஒட்டலேன்னு சொன்னேளே, அது ஒட்டாது. நான் இங்க பாடறது அங்க வந்து சேரவே நாழியாறது, இப்பத்தான் பார்த்தேன். அதனால சேர்ந்து பாடப்படாது. நான் பாடி நிறுத்துவேன், அப்புறம் குழந்தை பாடணும், தாளம் அவளே போட்டுக்கணும். என்னை வயசானவான்னாளே, அவா பொண்ணை முதல்ல உட்காரச் சொல்லு."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி ஹலோ சொன்னாள். பேர் மீரா. அம்மா ஒரு வரிசை பாடி நிறுத்தினாள். குழந்தை பாடியது. தொடையில் தட்டுகிற தாளம்கூட எங்களுக்குக் கேட்டது. அலறல் ஹெட்போனால் அப்படி ஒரு சௌகரியம்.

"மேல போறச்சே தைவதம் இறங்கறது கண்ணா" என்றாள் அம்மா. "இங்க பாரு" என்று சொல்லிவிட்டு, பார்க்க முடியாது என்பதை மறந்து கையை உயர்த்திக் காட்டிப் பாடினாள். குழந்தை மறுபடி பாடியது. தைவத ஸ்வரம் வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது. அது எனக்கே தெரிந்தது, அப்பா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

கனத்த குரல் இப்போது மெலிந்திருந்தது. "மாமி, எப்போலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டது. மற்ற இரண்டு அம்மாக்களும் எங்கள் பெண்ணுக்கு எந்த நேரம் என்று போட்டிபோட ஆரம்பித்தார்கள். அம்மா பட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, நாள் பார்த்துச் சொல்வதாக மிடுக்காகச் சொன்னாள். நான் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினேன். சந்தனப் பொடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் அதன் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. காலையில் நியூஜெர்சி, சாயங்காலம் சிங்கப்பூர் என்று அம்மாவின் வகுப்புகள் பெருகின. நான் லஸ் கார்னரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் வேலை தேடினேன், அடையாறில் ஒரு கம்பெனியில் கிடைத்தது, மெல்ல மெல்ல முன்னேறினேன். இதற்கிடையில் எங்கள் குடும்பத்தில் ஒரு புது வசனமும் உருவாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் யாராவது உட்கார்ந்திருந்தால், "என்ன, மைக்ல சந்தனமா?" என்போம். சம்பந்தி வீட்டாருக்கு அர்த்தம் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மீராவுக்கு இப்போது ஒரு பெண். அவளும் அம்மாவிடம்தான் கற்கிறாள். அந்தக் கனத்த குரல்காரரான மீராவின் அம்மாவும் போன வருஷம் சேர்ந்திருக்கிறார். எனக்கு வயசாயிடுத்தே, வருமா என்று கேட்டாராம். பார்க்கலாம் என்றாளாம் அம்மா.

டிசம்பரில் கச்சேரி சீசனுக்குச் சென்னை வரும் சிஷ்யைகள் அம்மாவை நமஸ்கரிக்க வீட்டுக்கு வருவார்கள். நான் இருந்தால் என்னையும் அறிமுகப்படுத்துவாள். போன டிசம்பரிலும் அப்படித்தான்.

"இவன் என் பிள்ளை ஸ்ரீதர். கம்ப்யூட்டர்ல ரொம்பப் பெரிய உத்தியோகம்" என்றாள் பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னோடதை மட்டும் தொட விடறதில்லை" என்றாள்.