சிறப்புரை சிரிப்புரை ஆனதற்கு மன்னிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வார இதழும் நலமென நம்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் "வந்துட்டாருய்யா" என்று கடிதத்தை உதவியாசிரியர் பக்கம் தள்ளிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இம்முறை தங்கள் பிழையைச் சுட்டிக்காட்ட எழுதவில்லை. (சென்ற இதழில் 'இரங்கல் கூட்டம்' என்பதை 'இறங்கல் கூட்டம்' என்று போட்டு, வந்தவர்களையெல்லாம் மாடிப்படியில் இறக்கிவிட்டீர்கள். அது போகட்டும்.) இம்முறை பிழை என் தலையில் விடிந்திருக்கிறது. என் மன்னிப்பைத் தாங்கள் அச்சிட வேண்டும்.

நான் டெலிபோன் டைரக்டரியில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். காலமான நம் நகைச்சுவை நாடகாசிரியரின் நாடகம் ஒன்றைக்கூட விட்டதில்லை. எப்போதும் முன்வரிசை நாற்காலிதான் என்பதால் அரங்கத்தில் என் பெயரே 'முன்வரிசை' என்றாகிவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருடைய நாடக நோட்டீஸ்களில் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன், பதில் வந்ததில்லை. அவர் போன செய்தி கேட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை (இங்கே 'ற' சரிதான்).

இரங்கல் கூட்ட நோட்டீஸை நான்தான் எழுதி அச்சகத்தில் கொடுத்தேன். 'சிறப்புரை: பல் டாக்டர்' என்று தெளிவாக எழுதியிருந்தேன். டாக்டர் எங்கள் ரசிகர் மன்றத் தலைவர். புரூஃப் கேட்டுப் போனால் அச்சகக்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "நேரமில்ல சார், நேரா அடிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்றார். அரங்க வாசலில்தான் நோட்டீஸைக் கண்ணால் பார்த்தேன், 'சிரிப்புரை: பல் டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, டாக்டரைப் பிடிக்க ஓடினால் அதற்குள் இரண்டு நிமிட மௌனம் தொடங்கிவிட்டது, வாயைத் திறக்க முடியாமல் கையால் சைகை காட்டினேன், அவரோ நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார். மௌனம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "பல்வலின்னு என்கிட்ட வந்தார். வாயைத் திறங்கன்னேன். 'டாக்டர், நாப்பது வருஷமா எல்லாரும் மூடத்தான் சொன்னாங்க, திறக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்'னார்" என்றாரே பார்க்கலாம், பின்னால் யாரோ களுக்கென்றார், அது வரிசை வரிசையாக முன்னால் வந்து சேர்ந்தது. அழுது வீங்கிய கண்ணோடு சிரிக்கிறார்கள்.

மேடையேறி, "என்ன டாக்டர் இது?" என்றேன். "நோட்டீஸ்ல போட்டபடிதானே சார் பேசறேன். பதினாலு ஜோக் தயார் பண்ணிட்டு வந்திருக்கேன், ஒண்ணுதான் ஆச்சு" என்கிறார். மைக்கைப் பிடுங்கி, "இது இரங்கல் கூட்டம், தயவுசெய்து யாரும் சிரிக்கக் கூடாது" என்றேன். நாடகாசிரியர் எழுதிய வசனம் என்று நினைத்தார்களோ என்னவோ, கைதட்டல். பதறிப்போய், "அது சிரிப்புரை இல்லீங்க, சிறப்புரை. வல்லின 'ற' வரவேண்டிய இடத்துல 'ரி' வந்துடுச்சு" என்று விளக்கப்போக, ஆறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பதின்மூன்றையும் டாக்டர் நிதானமாகச் சொல்லி முடித்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாடகாசிரியரின் மனைவி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க எழுந்து வெளியே போய்விட்டார். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. "ஊர்ல உள்ளவங்க பேரையெல்லாம் திருத்தினீங்க, அந்தப் பெரிய மனுஷர் பேரைக் கெடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே" என்கிறாள் என் மனைவி. ஒரு வாரமாக அந்த அம்மாவின் தெருவைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பால் வாங்குகிறேன். நேரில் போய் நிற்க எனக்கு முகமில்லை. ஆகவே, 'ஓர் எழுத்தால் உங்கள் துக்கத்தைக் கெடுத்த பாவி மன்னிப்புக் கேட்கிறான்' என்று தங்கள் இதழில் கட்டம் கட்டிப் போடும்படி மன்றாடுகிறேன்.

தங்கள் இதழ் பிழையின்றி நீடு வாழ வாழ்த்தும்,
முன்வரிசை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசல் மணி அடித்தது. நாடகாசிரியரின் மனைவியும் அச்சகக்காரரும் நிற்கிறார்கள். "அம்மா, மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன். "எதுக்கு? அன்னிக்கு எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, அதான் வெளியே போயிட்டேன். விஷயமே இன்னிக்குத்தான் இவர் வந்து சொன்னார்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாடகாசிரியர் தம் கைப்பட எழுதி அச்சகக்காரரிடம் கொடுத்தது: 'என் இரங்கல் கூட்ட நோட்டீஸில் சிறப்புரை வேண்டாம், சிரிப்புரை என்று அடிக்கவும். புரூஃபை முன்வரிசையிடம் காட்ட வேண்டாம். நல்ல மனுஷன், திருத்திவிடுவார்.'

நான்கு முறை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. ஆகவே மேலே உள்ள கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவர் எழுதிய ஒவ்வொரு ஜோக்குக்கும் சிரித்த நான், கடைசி ஜோக்குக்கு ஊரே சிரிக்கும்போது மேடையில் நின்று இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். என் மனைவி வெளியிலிருந்து, "என்னங்க, அழறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தக் கட்டத்துக்குள் எதையாவது போட்டே ஆக வேண்டுமென்றால் இதைப் போடுங்கள்: முன்வரிசை சிரித்துவிட்டார், ஒரு வாரம் தாமதமாக.